பதினாறு, சரி சார்

நவம்பர் 4

வாலுவின் அப்பாவுக்கு,

உங்கள் மகளைப் பயிற்சி மையத்து வாசலில் விட்டுவிட்டு வந்தேன். காவலர் அவள் பெட்டியைத் திறந்து, மடித்து வைத்ததையெல்லாம் குலைத்துப் பார்த்துவிட்டு உள்ளே அனுப்பினார். நீங்கள் வாசலுக்கு வரமாட்டீர்கள் என்று அவள் பேருந்திலேயே சொல்லிவிட்டாள். "அப்பா அங்க இருக்கறதையே மறந்துடணும்மா" என்றாள். எனக்கு அதில் சிரமமில்லை. மே மாதத்திலிருந்து பழகிக்கொண்டுதான் இருக்கிறேன்.

போனில் பேசாமல் ஏன் எழுதுகிறேன் என்றால், போனில் நீங்கள் 'ம்' என்கிறீர்கள், நான் கத்துகிறேன், உங்கள் பக்கத்தில் அலுவலக எழுத்தர் காகிதம் புரட்டுகிற சத்தம் கேட்கிறது. எழுதினால் நான் கத்துவது அவருக்காவது கேட்காது. மே மாதத்தில் பட்டாள வேலையின் இரண்டு வருட நீட்டிப்புக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு, ஒரு வாரம் கழித்து, நாளைக்கு மழை வரும் என்பதுபோல அதை எனக்குச் சொன்னீர்கள். அதைப் பற்றி நான் இனிமேல் எதுவும் சொல்லப்போவதில்லை. கேட்க வேண்டியது வேறு.

இந்த மேல்நிலைப் பயிற்சியில் தேறினால் அவளுக்கு அதிகாரித் தேர்வுக்கு நேராக நேர்காணல். தேறாவிட்டால் அடுத்த வருடம் வயது தாண்டிவிடும், மறுபடி உட்கார முடியாது. இதை அவள் எனக்குப் பத்து முறை விளக்கியிருக்கிறாள், எனக்குத்தான் வயது தாண்டப்போகிறது என்பதுபோல. பள்ளியிலிருந்து கேடட்டாக இருந்தவளுக்கு இது ஒன்றுதான் கண்ணில் தெரிகிறது. நீங்கள் அதே மையத்தில் பயிற்றுநர். நாளைக்கு அவள் உங்கள் முன்னால் வந்து நின்றால் என்ன செய்வீர்கள்? அதற்கு ஏதோ விதி இருக்கிறதாமே, அதை எனக்கு எழுதுங்கள்.

எதிர்வீட்டுத் தையல்காரி வாலு போவதைப் பார்த்துவிட்டு வந்தாள். "புருஷன் பட்டாளம், பொண்ணு பட்டாளம். அப்ப நீங்கதான் எதிரி நாடாக்கா?" என்றாள். சிரித்தேன். பிறகு கதவைச் சாத்திவிட்டேன்.

குளியலறைக் குழாய் சொட்டுகிறது. இது புகார் இல்லை, செய்தி.

நான்

*

நவம்பர் 11

வாலு அம்மாவுக்கு,

கடிதம் கிடைத்தது. விதியைக் கேட்டிருக்கிறாய்.

அவள் சேர்ந்த அன்றே தலைமை அதிகாரியிடம் போய், என் மகள் இந்தத் தொகுதியில் இருக்கிறாள் என்று சொல்லிவிட்டேன். "உன் பொண்ணுன்னு வெளிய தெரிஞ்சா, பாஸானாலும் பழி, ஃபெயிலானாலும் பழி. தள்ளி நில்லு" என்றார். அவள் அணிக்குக் கட்டையன் மதிப்பெண் போடுவான். கட்டையனை உனக்குத் தெரியும், நம் வீட்டு நிலைப்படியில் தலை இடித்துக்கொள்ளாத ஒரே சிப்பாய். மதிப்பெண் தொடர்பான எந்த விஷயத்திலும் நான் அவளைப் பார்க்கக்கூடாது, திருத்தக்கூடாது, ஒன்றும் கேட்கக்கூடாது. இது என் வாயால் நான் ஒப்புக்கொண்டது.

இங்கே எல்லோர் மார்பிலும் எண் தைத்த துணி. அவள் பதினாறு. நானும் அப்படியே எழுதுகிறேன். நாக்குக்குப் பழகினால்தான் மைதானத்தில் தவறாமல் வரும்.

பதினாறு நன்றாக இருக்கிறது. சாப்பாட்டு வரிசையில் எனக்கு முன்னால் நின்றது. "காலை வணக்கம், சார்" என்றது. தலையசைத்தேன். தட்டில் இரண்டு முட்டை வைத்திருந்தது.

பாடங்கள் வழக்கம்போலத்தான். வரைபடம், துப்பாக்கி, இளைய கேடட்களுக்கு ஒரு பாடம் எடுத்துக் காட்டுவது. கடைசியில் வெளிக்களத் தேர்வு, பள்ளத்தாக்கில். அங்கே இந்தப் பருவத்தில் மழை ஓயாது, தரை எங்கும் சேறும் தண்ணீரும்தான். அதனால் கால் பார்ப்பதைத்தான் முதலில் சொல்லித்தருகிறோம். ஒவ்வொரு நிறுத்தத்திலும் பூட்ஸைக் கழற்றி, துடைத்து, ஜோடியில் ஒருவர் மற்றவரின் விரல்களைக் கிள்ளிப் பார்க்க வேண்டும். தன் காலைத் தானே பார்த்தால் கணக்கில் வராது. தன் கால் என்றால் எல்லோரும் பொய் சொல்வார்கள்.

குழாய்க்கு வாஷர் போயிருக்கும். மாடிப்படிக்குக் கீழே நீல டப்பாவில் இருக்கிறது.

நீட்டிப்பைப் பற்றி நேரில்.

இப்படிக்கு

*

நவம்பர் 20

வாலுவின் அப்பாவுக்கு,

நீல டப்பாவில் வாஷர் இல்லை. உங்கள் பழைய பொத்தான்களும் ஒரு விசிலும் இருந்தன. வாஷரை நானே வாங்கி மாட்டிவிட்டேன்.

'நின்றது' 'வைத்திருந்தது' என்று எழுதியிருக்கிறீர்கள், மாட்டைப் பற்றி எழுதுவதுபோல. அவளுக்கு வாலு என்று பெயர் வைத்ததே நீங்கள்தான். நடக்க ஆரம்பித்தபோது ஓர் இடத்தில் நிற்காமல், உங்கள் பூட்ஸுக்குள் காலை விட்டுக்கொண்டு வீடு முழுக்க இழுத்துத் திரிவாளே, அப்போது வைத்தது. உங்கள் நாக்கு அதைக்கூட மறக்கப் பழகிவிடும் என்றால், உங்கள் பயிற்சி நல்ல பயிற்சிதான்.

ஞாயிற்றுக்கிழமை அலுவலகப் போனில் பேசினாள். பாடம் எடுத்த தேர்வில் கட்டையன் அண்ணனே கைதட்டினாராம். பிறகு, அவளோடு ஜோடியாக இருந்த சுருட்டைமுடிப் பெண்ணுக்குக் காய்ச்சல் வந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம். இப்போது இவள் ஜோடி இல்லாமல் ஒற்றையாக இருக்கிறாள். "அப்ப உன் காலை யாருடி பாக்கறது?" என்று கேட்டேன். "நான்தான் லீடர்மா. நான் எல்லார் காலையும் பாக்கறேன்" என்றாள். நான் கேட்டதற்கு அது பதில் இல்லை என்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

இன்னொன்றும் சொன்னாள். அதை உங்களிடம் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள். உங்களுக்கு ஒரு விதி இருப்பதுபோல இப்போது எனக்கும் ஒன்று.

நான் சர்க்கரை நோய் மருத்துவமனையில் நாள் முழுக்க ரத்தம் எடுக்கிறவள். மருந்து வாசனையும், வரிசையில் காத்திருக்கிற கால்களும்தான் என் உலகம். அதனால் சும்மா கேட்கிறேன், தொழில் ஆர்வம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஈரக் காலுறையில், குளிரில், நல்ல ஆரோக்கியமான ஒரு கால் எவ்வளவு நேரம் தாங்கும்? தாங்காவிட்டால் முதலில் என்ன தெரியும்?

நான்

*

நவம்பர் 27

வாலு அம்மாவுக்கு,

சும்மா கேட்டிருக்கிறாய். நானும் சும்மாவே சொல்கிறேன்.

முதலில் குளிரும். பிறகு வலிக்கும். வலிக்கிற காலுக்குப் பயப்பட வேண்டாம். பிறகு வலி நின்றுவிடும், பஞ்சில் நடப்பதுபோல இருக்கும். பிள்ளைகள் அதைச் சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொள்வார்கள். அதுதான் கெட்ட நேரம். அப்போதே கழற்றி, உலர்த்தி, படுக்க வைத்துவிட்டால் பெரும்பாலும் திரும்பிவிடும். அதன் மேல் நடந்தால் நரம்பு கெட்டுவிடும். சில பேருக்குத் திரும்புவதே இல்லை.

அப்படி ஒருவரைக் கண்டால், எந்தப் பயிற்றுநராக இருந்தாலும், அந்த இடத்திலேயே பயிற்சியை நிறுத்தி மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். அந்த கேடட்டுக்கு இந்தத் தொகுதி முடிந்தது. வயது இருக்கிறவர்கள் அடுத்த வருடம் வரலாம்.

பதினாறு நேற்று மைதானத்தைக் குறுக்கே கடந்தபோது பார்த்தேன். பாதத்தின் ஓரத்தை ஊன்றி நடந்ததுபோல இருந்தது. தூரம், மழை வேறு. கட்டையன் கவனித்திருப்பான்.

ஒன்று கேட்கிறேன். உன்னிடம் அவள் ஏதாவது சொல்லியிருந்தால், என்னிடம் சொல்லாதே. தெரிந்துவிட்டால் நான் நடவடிக்கை எடுக்க வேண்டிவரும். அப்பா தானாகக் கண்டுபிடித்ததாக இருந்தாலும், அம்மா சொல்லித் தெரிந்ததாக இருந்தாலும், பிறகு அவள் என்னைத்தான் பார்ப்பாள். அவளுடைய ஒரே வருடத்தை நான் எடுத்துக்கொண்டதாகத்தான் பார்ப்பாள்.

பொத்தான்களைத் தூக்கிப் போட்டுவிடாதே.

இப்படிக்கு

*

டிசம்பர் 4

வாலுவின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் கைப்பையில் மூன்று நாளாக என்னோடு வேலைக்கு வந்து போகிறது.

எங்கள் மருத்துவர் நோயாளிகளின் காலைச் சோதிக்கிற விதத்தை நான் உங்களுக்குச் சொன்னதில்லை. என் மேசையிலிருந்து பார்த்தால் அவர் அறை தெரியும். நைலான் நூல் ஒன்று வைத்திருப்பார், தூண்டில் நூல்போல விறைப்பாக இருக்கும். நோயாளி கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். அவர் நூலைப் பாதத்தில் ஒவ்வோர் இடமாக வைப்பார். பட்டது தெரிந்தால் 'இப்போ' என்று சொல்ல வேண்டும். நேற்று ஒரு பெரியவர், ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர். மருத்துவர் நூலை எடுத்துக் காற்றில் பிடித்துக்கொண்டு நின்றார். பெரியவர் "இப்போ" என்றார். கொஞ்சம் விட்டு மறுபடி "இப்போ" என்றார். நல்ல பிள்ளை என்று பெயர் வாங்க வேண்டும் என்று எல்லோருக்கும் ஆசை இருக்கிறது, அந்த வயதிலும்.

நான் உங்கள் அலுவலகத்துக்குப் போன் போட்டேன். எழுத்தர் எடுத்தார். "அவசரமாம்மா? சார் களத்துல இருக்காரு. அவசரம்னா ஆள் அனுப்பறேன்" என்றார். அவர் எவ்வளவு மரியாதையாகப் பேசுகிறார் என்று நினைத்துக்கொண்டே "அவசரம் இல்லை" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை போனில் அவள் சொன்னது இதுதான். "ரெண்டு காலும் மரத்துப் போகுதும்மா. முன்னாடி வலிச்சுது, இப்ப வலிக்கல, சரியாயிடுச்சுன்னு நினைக்கறேன். அப்பாகிட்ட சொல்லாத. சொன்னா அவரு பாப்பாரு. பாத்தா முடிஞ்சுது."

இரண்டு வாரமாக எனக்குத் தெரியும். காலைப் பற்றி உங்களைவிட எனக்கு அதிகம் தெரியும். இருந்தும் மகளுக்குக் கொடுத்த வாக்கு, நீங்கள் கேட்டுக்கொண்டது என்று இரண்டையும் தராசில் வைத்து ஆட்டிக்கொண்டிருந்தேன். போனில் சொன்னால் உங்களுக்கு இன்றே தெரியும். கடிதத்தில் எழுதினால் சொன்னதாகவும் ஆகும், கொஞ்சம் தாமதமும் ஆகும். எழுதும்போதே இது எனக்குத் தெரிகிறது. வெளிக்களத் தேர்வு எந்தத் தேதி என்று நீங்கள் எழுதவில்லை. நானும் கேட்கவில்லை. எனக்கு அழுகையோ படபடப்போ எதுவும் வரவில்லை. காலையில் எழுந்தேன், துணி உலர்த்தினேன், பதினொரு பேருக்கு ரத்தம் எடுத்தேன், ஒருவருக்குக்கூட இரண்டாவது தடவை குத்தவில்லை.

அவள் காலைப் பாருங்கள்.

நான்

*

டிசம்பர் 5

வாலு அம்மாவுக்கு,

நல்ல செய்தி. வெளிக்களத் தேர்வு நேற்று மாலை முடிந்தது. பதினாறு தேறிவிட்டது. அதன் அணி முதலில் வந்து சேர்ந்தது. கட்டையன் என்னிடம் மதிப்பெண்ணைச் சொல்லவில்லை, சொல்லவும் கூடாது. ஆனால் தேநீர்க் கொட்டகையில் எனக்குச் சர்க்கரை இரண்டு மடங்கு போட்டுக் கொடுத்தான்.

ஒரு விஷயத்தை நீ தெரிந்துகொள்ள வேண்டும். ஆற்றுக்கு அந்தப் பக்கத்துச் சோதனை இடத்தில் நான் இருந்தேன். அங்கே வருகிற ஒவ்வோர் அணிக்கும் பயிற்றுநரே கால் பார்க்க வேண்டும். அவள் அணி வந்தபோது கட்டையன் வேறோர் அணியோடு மேலே இருந்தான். எல்லோரும் பூட்ஸைக் கழற்றிவிட்டு வரிசையாக உட்கார்ந்தார்கள். நான் ஒவ்வொருவர் முன்னாலும் குனிந்து, விரலைக் கிள்ளிப் பார்த்துக்கொண்டே வந்தேன். அவள் முன்னால் வந்தபோது குனியவில்லை. நின்றபடி வாயால் கேட்டேன். "பதினாறு?"

"சரி, சார்."

அடுத்தவரிடம் போய்விட்டேன். இந்த மையத்தில் யாராலும், அப்பன் கை வைத்துத் தூக்கிவிட்டான் என்று சொல்ல முடியாது. அவளாலும் முடியாது.

அடுத்த வாரம் பதக்கம் குத்துகிறார்கள். பெற்றோர் வரலாம். நீ வந்தால் பேருந்து நிலையத்துக்கு நான் வருகிறேன். வாலு ஏப்பம் விடுகிற அளவுக்குச் சாப்பிடுகிறாள் என்று சமையற்காரர் சொல்கிறார்.

அவள் அப்பா

*

டிசம்பர் 8

வாலு அம்மாவுக்கு,

உன் நாலாம் தேதிக் கடிதம் இன்று காலைத் தபால் வண்டியில் வந்தது. என் ஐந்தாம் தேதிக் கடிதம் அதே வண்டியில் கிளம்பியது.

படுக்கைக் கூடத்துக்குப் போனேன். எழுந்து விறைப்பாக நின்றாள். உட்காரச் சொன்னேன். காலுறையைக் கழற்றச் சொன்னேன். "சார், நீங்க பாக்கக் கூடாது" என்றாள். நான் தரையில் உட்கார்ந்து கழற்றினேன்.

விரல்கள் வெளுத்து, ஊறின காகிதம்போல இருந்தன. கிள்ளினேன். அழுத்திக் கிள்ளினேன். அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள், எப்போது தன் முகம் மாற வேண்டும் என்று என்னைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறவள்போல.

ராணுவ மருத்துவமனைக்குக் கொண்டுவந்திருக்கிறோம். எழுத்தர் உனக்குப் போன் செய்வதற்குள் இது வந்து சேராது. இருந்தாலும் எழுதுகிறேன்.

கட்டையன் வெளித்திண்ணையில் என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறான். "அண்ணே, ஆத்தங்கரையில நீங்க இருந்தீங்க. அதனால நான் பாக்கல" என்றான். அவன் அணி என்பதால்தான் நான் பார்க்கவில்லை என்று அவனிடம் சொன்னேன்.

*

ஜனவரி 15

வாலு அம்மாவுக்கு,

நீ மருத்துவமனையிலிருந்து அவளை அழைத்துக்கொண்டு போனபோது, கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்று, போய் வருகிறேன் என்று கட்டிலிடம் சொன்னாய். எனக்குக் கேட்டது.

அவள் விஷயத்தை விசாரிக்க மையத்தில் போட்ட குழுவின் முடிவு வந்துவிட்டது. இரண்டு தாள். முதல் தாளில் மேல்நிலைப் பயிற்சியில் தேர்ச்சி, சிறப்புத் தகுதியோடு. பதக்கமும் சான்றும் அவளுக்கே. இரண்டாவதில் உடல்தகுதி இல்லை, நிரந்தரமாக. இரண்டிலும் கையெழுத்துப் போட்டவர் ஒருவரே. என்னைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். நடந்ததைச் சொன்னேன். விதிப்படி நீங்கள் அவளைப் பார்க்கக்கூடாதுதான், ஆனால் மருத்துவ விஷயத்துக்கு அந்த விதி பொருந்தாது, இது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்றார்கள். தெரியும் என்றேன். ஒரு கண்டிப்போடு விட்டுவிட்டார்கள். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

அடுத்த தொகுதி வந்துவிட்டது. இப்போது எல்லோர் முன்னாலும் குனிகிறேன். யார் அணி என்று பார்ப்பதில்லை. இடுப்பு பிடித்துக்கொள்கிறது. பிள்ளைகள் எனக்கு 'விரல் சார்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள், எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டு.

நீட்டிப்பை ரத்துசெய்யச் சொல்லி எழுதிக் கொடுத்துவிட்டேன். இந்த முறை உன்னிடம் சொல்லிவிட்டுச் செய்ய வேண்டும் என்றுதான் நினைத்தேன். மறுபடியும் செய்துவிட்டுத்தான் சொல்கிறேன். பிப்ரவரியில் விடுவிப்பார்கள். வேறு எங்காவது அறை எடுத்துக்கொள்ளவும் முடியும்.

வரட்டுமா?

அவள் அப்பா

*

ஜனவரி 23

வாலுவின் அப்பாவுக்கு,

அவளைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். நடக்கிறாள். காலைப் பார்த்துக்கொண்டே நடக்கிறாள், பார்க்காவிட்டால் தரை எங்கே இருக்கிறது என்று தெரிவதில்லை. செவ்வாய்க்கிழமை கூடத்திலிருந்து சமையலறை வரைக்கும் தரையில் சிவப்பாகப் புள்ளிகள். பழச்சாறு சிந்திவிட்டது என்று நினைத்துத் துடைத்தேன். நாற்காலியில் இடித்து விரல் நகம் பெயர்ந்திருக்கிறது, அவள் படித்துக்கொண்டிருக்கிறாள். "அட" என்றாள், வேறு யாருடைய காலையோ பார்த்ததுபோல. எதிர்வீட்டுத் தையல்காரி வந்தாள். இந்த முறை அவளிடம் நகைச்சுவை எதுவும் இல்லை. கால்சட்டைகளின் நீளத்தைக் குறைத்துத் தைத்துத் தருவதாகச் சொல்லி எடுத்துப்போனாள், தடுக்காமல் இருக்க.

பதக்கத்தை உங்கள் நீல டப்பாவில் பொத்தான்களோடு போட்டுவிட்டாள். நான் எடுக்கவில்லை.

அவள் உங்கள்மேல் கோபப்படவில்லை. என்மேலும் இல்லை. கோபம் வந்தால் நன்றாக இருக்கும் என்று காத்திருக்கிறேன். ஒரு நாள் துணி மடித்துக்கொண்டிருக்கும்போது, "நீ அப்பாகிட்ட சொல்லாம இருந்தியேம்மா. அதனாலதான் முடிக்க முடிஞ்சுது" என்றாள். நன்றி சொல்கிற குரல். நான் உங்களுக்கு எழுதினேன் என்று அவளுக்குத் தெரியாது. தாமதமாக வந்து சேரும்படி எழுதினேன் என்பதும் தெரியாது. நீங்களும் சொல்லவில்லை போலிருக்கிறது. மடித்த துணியை அலமாரியில் வைத்தேன்.

எங்கள் மருத்துவர் அந்த நைலான் நூலில் ஒன்றை எனக்குக் கொடுத்திருக்கிறார். உணர்வு திரும்புகிறதா என்று வாரம் ஒருமுறை வீட்டிலேயே பார்க்கச் சொன்னார். வேலை முடிந்து வந்து, அவள் காலை என் மடியில் வைத்துக்கொள்வேன். கண்ணை மூடிக்கொள்வாள். போன வாரம் நன்றாகச் சொன்னாள். இப்போ, இப்போ, இப்போ. நான் மருத்துவரிடம் போய்ச் சொன்னேன், அவரும் பரவாயில்லையே என்றார். நேற்று நூலை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு, ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருந்தேன்.

"இப்போ" என்றாள்.

கொஞ்ச நேரம் கழித்து, "இப்போ."

சரிடி என்றேன். போர்வையை இழுத்து மூடிவிட்டேன்.

நீங்கள் வரட்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். மே மாதத்து விஷயம் எனக்கு இன்னும் ஆறவில்லை, அதை இதோடு சேர்த்துக் கழித்துவிடவும் முடியவில்லை. அது தனியாக இருக்கட்டும். வேறு அறை வேண்டாம். வீட்டுக்கே வாருங்கள்.

வந்து அந்த நூலை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். என்னைச் சந்தோஷப்படுத்த வேண்டும் என்று அவள் பொய் சொல்கிறாள், எனக்கும் அதை வாங்கிக்கொள்கிற பழக்கம் இருக்கிறது. உங்களிடமும் சொல்லிப் பார்ப்பாள். "சரி, சார்" என்பாள். நீங்கள் நின்றபடி கேட்காதீர்கள். உட்கார்ந்து, காலைக் கையில் எடுத்து, கடைசி விரல்வரைக்கும் பாருங்கள். தெரியவில்லை என்று அவள் வாயால் சொல்கிறவரைக்கும் விடாதீர்கள்.

நான்